பொருள் தெரியாமல் பாடும் பிள்ளை

செஞ்சி வட்டாரத்தில் பிறக்கும் பிள்ளை, எழுத்தை அறிவதற்கு வெகு முன்பே பலவகை ஒலிகளை அறிந்துவிடுகிறது. வீட்டில் தாலாட்டு. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் இரவெல்லாம் நடக்கும் பாரதக் கூத்தின் மத்தளமும் முகவீணையும். மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்குப் போகும் வழியெங்கும் பம்பையும் உடுக்கையும். மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா. பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் தமிழ்த்தாய் வாழ்த்து. இவற்றில் எதன் சொற்பொருளையும் அந்த வயதில் அது முழுதாக அறியாது. ஆனாலும் கேட்கிறது, தலையாட்டுகிறது, கைதட்டுகிறது, ஒருநாள் தானே பாடத் தொடங்குகிறது. பொருள் தெரியாமல் பாடப்படும் பாட்டு வழிபாடாகுமா, அறிவாகுமா என்பது சமயங்களிலும் தத்துவங்களிலும் நெடுங்காலமாக நிற்கும் கேள்வி. சிறு பிள்ளைகளுக்குப் பாட்டாலும் எளிய கருவிகளாலும் இசை கற்பிக்கும் எவரும், அறிந்தோ அறியாமலோ, தம் வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்திய மரபில் இதை மிகக் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் கௌத்சர். வேத மந்திரங்களுக்குப் பொருள் என்று ஒன்று இல்லை என்பது அவர் வாதம். மந்திரத்தின் சொற்களை இடம் மாற்றக்கூடாது, வேறு சொல்லை அந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று விதி இருக்குமானால், அங்கே பயன்படுவது ஒலியே தவிரப் பொருள் அல்ல என்றார். இந்தக் கருத்தை நிருக்தத்தில் எடுத்துவைத்து மறுத்தவர் யாஸ்கர். ஓதியும் பொருள் அறியாதவன் பாரம் தாங்கி நிற்கும் வெறும் தூண் என்பது அவர் தரப்பு. தமிழ்ச் சைவத்திலும் யாஸ்கர் பக்கம் நிற்கும் குரல் உண்டு. திருவாசகத்தின் முதற்பகுதியான சிவபுராணம், பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவர்க்கே சிவபுரப் பேற்றைச் சொல்லி முடிகிறது. இன்று தேவார வகுப்பு நடத்தும் பலர் பொருள் சொல்லித்தராமல் பாடவைப்பது தவறு என்று கண்டிப்பாக இருப்பதற்கு இதையே சான்று காட்டுவார்கள்.

ஆனால் அதே திருவாசகத்தை மேலும் சில பக்கங்கள் புரட்டினால் வேறொரு காட்சி தெரிகிறது. திருவெம்பாவை, திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என அடுக்கடுக்காக வருபவை பெண்பிள்ளைகள் ஆடும்போதும் வேலை செய்யும்போதும் பாடிய பாட்டு வடிவங்கள். அம்மானைக் காயை மேலே எறிந்து பிடிப்பதில் ஒரு தாளம் இருக்கிறது. உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிப்பதில் வேறொரு தாளம். ஊசல் போய் வருவதில் இன்னொன்று. திருவெம்பாவையும் திருவம்மானையும் செஞ்சிக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள திருவண்ணாமலையில் அருளப்பட்டவை என்பது மரபு. பொருளுணர்ந்து பாடச் சொன்ன அதே மாணிக்கவாசகர், சைவத்தின் மிக நுட்பமான செய்திகளை வைப்பதற்குப் பிள்ளைகளின் கைவிளையாட்டுத் தாளங்களைத் தேர்ந்திருக்கிறார். சாழல் என்பது ஒருத்தி கேட்க மற்றொருத்தி விடை சொல்லும் ஆட்டம். சுடுகாட்டில் ஆடுபவன், பிச்சை எடுப்பவன் எப்படிக் கடவுளாக முடியும் என்ற வகைக் கேள்விகள் அதில் வருகின்றன. தில்லையில் புத்த மதத்தாருடன் நடந்த வாதத்தில், ஈழ மன்னனின் ஊமைப் பெண் வாய் திறந்து சொன்ன விடைகளே திருச்சாழல் ஆயின என்று புராணம் கூறும். வாதத்தில் பெரியவர்களை வென்ற விடை, பேச்சறியாத பிள்ளையின் வாயிலிருந்து விளையாட்டுப் பாட்டின் வடிவில் வந்தது என்று அந்த மரபு எண்ணிப்பார்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

திருஞானசம்பந்தர் வரலாறு இதைவிட நேரடியாகப் பேசுகிறது. மூன்று வயதில் பாடத் தொடங்கிய பிள்ளை, சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில் தன் உள்ளங்கைகளைத் தட்டித் தாளம் போட்டுப் பாடியது. கை நோகுமே என்று இரங்கிய இறைவன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் ஒன்றைக் கொடுத்தான் என்கிறது பெரியபுராணம். தலபுராணம் அதற்கு மேலும் ஒன்று சொல்லும். பொன்னாலான தாளத்துக்கு ஓசை வராது. அதனால் அம்மை அதற்கு ஓசை கொடுத்தாள். ஓசை கொடுத்த நாயகி என்ற பெயரில் அவள் இன்றும் அங்கே வணங்கப்படுகிறாள். இந்தக் கதையில் கருவியும் ஓசையும் இரண்டு தனிக் கொடைகளாகப் பிரிந்து நிற்கின்றன. தெய்வம் பிள்ளைக்குத் தந்தது நூல் அன்று, உரை அன்று, விளக்கம் அன்று. இரண்டு சிறு வட்டத் தகடுகளும் அவற்றின் ஒலியும். சொல்லும் பொருளும் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே உமையம்மை ஊட்டிய ஞானப்பாலோடு கிடைத்துவிட்டன என்று வாதிக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், முழுப் பொருளும் கைவந்த ஞானப்பிள்ளைக்குங்கூடத் தாளம் தேவைப்பட்டது என்றுதான் ஆகிறது.

பிள்ளை இசையை எந்த வரிசையில் கற்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு பழைய வரைவு இருக்கிறது. அது இலக்கணமாகவோ பாடத்திட்டமாகவோ எழுதப்படாமல் பிள்ளைத்தமிழாக எழுதப்பட்டது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டி, சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடியதில் இதன் வித்து உள்ளது. பின்னாளில் பத்துப் பருவங்களாக வடிவு பெற்றபோது, தாலப் பருவத்தில் பிள்ளை கேட்கிறது. சப்பாணிப் பருவத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறைப் பருவம் வரும்போது கோலெடுத்துச் சிறிய பறையை முழக்குகிறது. பெண்பாலில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. முதலில் செவி, பிறகு உடம்பு, அதன்பின் கருவி, அதன்பின் மற்றவர்களோடு சேர்ந்த ஆட்டம். ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டில் ஜாக் டால்க்ரோஸ், கார்ல் ஓர்ஃப் போன்றோர் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் முறைகளை வகுத்தபோது, நடையும் கைதட்டலும் தொடைதட்டலும் முதலில், கருவி அதன்பின் என்ற வரிசையைத்தான் வலியுறுத்தினர். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளின் மூளை, சீராக வரும் தாளத்தில் முதல் தட்டு விடுபட்டதைக் கண்டுகொண்டது. தாயின் முகம்கூடத் தெளிவாகப் படியாத நாளில் தாளம் எதிர்பார்ப்பாகப் படிந்துவிடுகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தொட்டிலருகே நின்று கண்டதும் இதுவாகவே இருக்க வேண்டும்.

இங்கிருந்து பார்த்தால், பொருள் தெரியாமல் பாடுகிறது என்ற குற்றச்சாட்டையே சற்று நிறுத்திச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஜால்ரா பிடித்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? எப்போது தட்டுவது என்பதோடு எப்போது தட்டாமல் இருப்பது என்பதும் தெரிய வேண்டும். பக்கத்துப் பிள்ளை வேகமெடுத்தால் தானும் இழுபடாமல் நிற்க வேண்டும். பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும். தட்டியபின் விரலால் தொட்டு ஒலியை அடக்கவும் தெரிய வேண்டும். கோலாட்டத்தில் இது இன்னும் கடினம்: தன் கோல் எதிரே நிற்பவரின் கோலில் சரியான இடத்தில், சரியான விசையில் படாவிட்டால் ஆட்டம் குலைந்துபோகும், கையிலும் அடி விழும். தன் விருப்பத்தைச் சற்று ஒதுக்கி, தனக்கு வெளியே உள்ள ஒன்றுக்குச் செவிகொடுத்து, அதனோடு ஒத்து நிற்பதே இதில் நடப்பது. வழிபாடு என்று சமயங்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். சொல்லின் பொருள் பிள்ளைக்கு எட்டவில்லை. ஆனால் பாடுதல் என்ற செயலின் பொருள் அதன் கையிலும் மூச்சிலும் இருக்கிறது. சொற்பொருளை ஒப்பித்தும் பக்கத்துக் குரலைக் கேட்காமல் கத்தும் பிள்ளையைவிட, ஒரு சொல்லும் விளங்காமல் தாளத்தில் நிற்கும் பிள்ளை பாட்டுக்கு அருகில் இருக்கிறது.

இதனால் ஆசிரியரின் பொறுப்பு இடம் மாறுகிறது. சிறு பிள்ளையின் தொண்டைக்கு ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் பாட்டே இயல்பானது. பெரியவர்களுக்கு வசதியான சுருதியில் அதைப் பாடவைத்தால் ஒன்று முணுமுணுக்கும், இல்லையேல் கத்தும். நாளடைவில் தனக்குப் பாட்டு வராது என்று முடிவு கட்டிக்கொள்ளும். பொருள் சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். பாடும் துணிவை ஐந்து வயதில் பறித்தால் அதைத் திருப்பித் தருவது அரிது. புரந்தரதாசர் வகுத்ததாகக் கர்நாடக இசையுலகம் கொள்ளும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஒழுங்கு சற்று வளர்ந்த பிள்ளைக்கு மிகச் சிறந்த படிக்கட்டு. மூன்று நான்கு வயதில் அதிலேயே தொடங்குவது, பேசப் பழகாத பிள்ளையை எழுத்துக்கூட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கருவி எளியதாக இருப்பதால் அதன் மதிப்புக் குறைவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் நாற்பத்தெட்டுப் பிடாரர்களை நியமித்தபோது, அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் சேர்த்து ஐம்பதாக்கினான் என்று கல்வெட்டு சொல்கிறது. மேல்மலையனூரில் பூசாரி கையில் இருக்கும் அதே உடுக்கைதான் அங்கே தேவாரத்துக்குத் துணை நின்றது. நடுவில் உள்ள கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியின் உயரத்தை மாற்றக்கூடிய அந்தச் சிறு கருவி, ஒலி ஏன் உயர்கிறது, ஏன் தாழ்கிறது என்பதைப் பிள்ளையின் கைக்கே காட்டிவிடும்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் உள்ள சோழர்காலக் கல்வெட்டு ஒன்று இந்தப் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அக்கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குக் கண்பார்வையற்ற பதினாறு பேருக்கும், அவர்களுக்கு வழிகாட்டக் கண்காட்டுவார் இருவருக்கும் அதில் நிவந்தம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. ஏட்டைக் கண்ணால் காணாதவர்கள் கோயிலின் பாடகர்களாக இருக்க முடிந்தது. செவிவழி வந்து நெஞ்சில் தங்கியதைத்தான் அவர்கள் பாடினார்கள். எழுத்தறியாத பிள்ளையும் அதே வழியில்தான் கற்கிறது. எழுத்துக்கு முந்திய கல்வி குறைபட்ட கல்வி என்று அன்றைய கோயில் கருதவில்லை.

பாட்டு யாருக்காக என்ற கேள்வியைச் செஞ்சிப் பகுதி வேறொரு திசையிலிருந்தும் எழுப்புகிறது. ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளனர். சந்திரநந்தி என்ற துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் மேல்சித்தாமூரும் இதே வட்டாரம்தான். சமணக் கோட்பாட்டின்படி வீடுபேறடைந்த தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பு அற்றவர். பாடினால் மகிழமாட்டார், பாடாவிட்டால் சினக்கமாட்டார், வரமும் தரமாட்டார். அப்படியிருந்தும் சமணர் துதிப்பாடல்களைப் பாடுகிறார்கள், பிள்ளைகளுக்கும் கற்றுத்தருகிறார்கள். பாட்டின் பயன் கேட்பவரிடம் இல்லை. பாடுபவரின் மனத்தைத் திருத்துவதில் இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். மேல்மலையனூர் இதற்கு நேர் எதிர்ப்புறம் நிற்கிறது. அமாவாசை இரவில் அங்காளம்மனை ஊஞ்சலில் அமர்த்தித் தாலாட்டுப் பாடுகிறார்கள். அங்கே தெய்வம் கேட்கிறது. பிள்ளையைப் போலக் கேட்கிறது. ஒன்றுக்கொன்று இசையாத இந்த இரு நிலைகளும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. பாடுபவர் சொற்பொருளை எவ்வளவு ஆராய்ந்திருக்கிறார் என்பதை இரண்டுமே முதல் அளவுகோலாகக் கொள்ளவில்லை. சமணத்துக்கு மனம் அடங்கியதா என்பது முக்கியம்; அங்காளம்மன் வழிபாட்டுக்கு அன்பு ஒலியாக வந்ததா என்பது முக்கியம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அறிவு விழிக்கும் முன்பே உள்ளே போகிற ஒன்று, நல்லதையும் கொண்டுபோகும், தீயதையும் கொண்டுபோகும். பிளேட்டோ தம் குடியரசு நூலின் மூன்றாம் பகுதியில் இசைக்கல்விக்கு முதலிடம் தந்ததற்குக் காரணமே இதுதான். தாளமும் இசையும் உயிரின் ஆழத்தில் இறங்கிவிடும். இளமையில் அழகியதை விரும்பப் பழகியவர், காரணம் சொல்லும் அறிவு பின்னால் வரும்போது அதைப் பழகிய உறவாக வரவேற்பார் என்றார். அதனாலேயே எந்த இசை, எந்தச் சொல் என்பதில் அவர் கடுமையான காவல் வைத்தார். கிறித்தவத் துறவி அகஸ்தீன், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அசைக்கும்போது குற்றம் செய்ததாக உணர்ந்ததைத் தம் அறிக்கைகள் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் பலவீனமான மனங்கள் செவியின்பத்தின் வழியே பக்திக்கு உயரக்கூடும் என்று கருதித் திருச்சபையில் பாடும் வழக்கத்தை ஏற்றார். இசை கேட்பது தகுமா என்று விரிவாக ஆராய்ந்த இமாம் கஸ்ஸாலி, தொட்டில் குழந்தை இனிய குரலில் அழுகை அடங்குவதையும், ஒட்டகம் பாட்டில் களைப்பை மறப்பதையும் சுட்டி, இசையின் பிடி கற்றுக்கொண்டது அல்ல, இயற்கையானது என்று காட்டினார்; அது தகுமா தகாதா என்பதைக் கேட்பவரின் உள்ளமும் சூழலுமே முடிவு செய்யும் என்றார். மூன்று மரபினரும் இசையின் வலிமையை ஐயப்படவில்லை. அந்த வலிமையை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் அவர்கள் கவலை.

செஞ்சிக்கு இதில் சொந்தச் சான்று ஒன்று இருக்கிறது. தேசிங்குராசன் ஓராண்டுகூட ஆளாதவன். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு இளவயதில் மடிந்தவன். வரலாற்று நூல்களில் சில வரிகளில் முடிந்துவிடும் இந்த வாழ்வை மூன்று நூற்றாண்டுகளாக உயிரோடு வைத்திருப்பது கதைப்பாடல். வேறு விதமாகப் பாடப்பட்டிருந்தால் அந்தப் பாட்டு மதப்பகைக்கு வித்தாகியிருக்கலாம். அப்படி ஆகவில்லை. கதையின் நெஞ்சத்தில் நிற்பவன் தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான். தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்துவந்து நண்பனுக்காகக் களத்தில் உயிர்விடும் முஸ்லிம் வீரன். கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பெயரில் மசூதி நிற்கிறது. அருகே வேங்கடரமணர் கோயிலும் நிற்கிறது. பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் தன் ஊர்க் கட்டடங்கள். சிந்திக்கும் வயதுக்கு முன் பிள்ளையின் காதில் எதைப் போடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கருவிகளைப் பற்றியும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பிள்ளைத்தமிழில் முருகனையும் பிற தெய்வப் பிள்ளைகளையும் சிறுபறை முழக்கும்படி புலவர்கள் கெஞ்சினார்கள். ஊரிலோ பறை முழக்கியவர் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். மேடையில் மரியாதை பெற்ற மிருதங்கமும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் கொண்டதே. அதைப் பதப்படுத்தியவருக்கு அந்த மரியாதையில் பங்கு வரவில்லை. இன்ன கருவியை இன்னார் தொடலாம் என்ற வழக்கம் எந்தச் சமயத்தின் உயர்ந்த கொள்கையிலிருந்தும் பெறப்பட்டதல்ல. ஆனால் சமயத்தின் நிழலில்தான் அது வாழ்ந்தது. ஒரு வகுப்பறையில் பறை, பம்பை, உடுக்கை, ஜால்ரா, கஞ்சிரா ஐந்தையும் வட்டமாக வைத்து, எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் முறைவைத்து வாசிக்கச் செய்வது எளிய பயிற்சிதான். அந்த வட்டத்தில் தீர்வது பல தலைமுறைக் கணக்கு. பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டிய வயது பிறகு வரும். தோலைத் தொட்டுத் தட்டிய கை அதற்கு முன்பே ஆயத்தமாகிவிடும்.

அரசுப் பள்ளிக்கு இதில் தனி வரம்பு உண்டு. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விநிலையத்தில் சமயபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. செஞ்சி வகுப்பில் சைவ, வைணவ, சமண, இஸ்லாமிய, கிறித்தவப் பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருக்கும்போது அந்த வரம்பு நியாயமானது. அதற்காகப் பாட்டே வேண்டாம் என்றாகாது. தாலாட்டு, கும்மி, எண்ணுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, ஆட்டப்பாட்டு என்று எந்தக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உரிமையாகாத பெருஞ்செல்வம் இருக்கிறது. மாணிக்கவாசகர் தம் பாடல்களுக்கு வடிவம் எடுத்ததும் இந்தக் களஞ்சியத்திலிருந்துதான். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தும் இங்கே உதவும். மனோன்மணீயம் சுந்தரனாரின் இந்தப் பாடலை முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில் 55 வினாடிகளில் பாட வேண்டும் என்பது அரசின் விதி. மோகனத்தில் ஐந்தே சுரங்கள். உரசிக்கொள்ளும் நெருக்கமான சுரங்கள் இல்லை. அதனால் சிறு பிள்ளை தவறினாலும் காது நோகாது. ஓர்ஃப் முறையும் ஐந்து சுர வரிசையில்தான் பிள்ளைகளைத் தொடங்கவைக்கிறது. ஆனால் காலையில் பிள்ளைகள் பெரும்பாலும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்று வாயசைக்கிறார்கள். அந்த ஒரு பாட்டையே ஒரு மாதம் வகுப்பில் வைத்து, கைதட்டி, மூன்றன் நடையை நடந்துபார்த்து, சுருதியைப் பிள்ளைகளின் தொண்டைக்கு ஏற்ப வைத்துப் பாடவைத்தால் இசைப்பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

சொற்பொருளை எப்போது சொல்வது என்பதற்கு வயதுக் கணக்கு வகுக்க முடியாது. பிள்ளை தானாகவே ஒரு சொல்லில் தடுக்கி நின்று, அப்படியென்றால் என்ன என்று கேட்கும் நாள் ஒன்று வரும். பெரும்பாலும் அது படிக்கத் தெரிந்தபின் வரும். சில பிள்ளைகளுக்கு முன்பே வரும். அன்று உண்மையான விடை சொல்லும் ஆயத்தம் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். பொருளுணர்ந்து பாடுக என்ற கட்டளை அந்தப் பிள்ளையைவிடக் கூடுதலாக அவரைத்தான் கட்டும். கேள்வி வருமுன் பொருளைத் திணிப்பது பாட்டை ஒப்பிப்பாக்கிவிடும். கேட்டபின்னும் சொல்ல மறுத்து, பாடினால் போதும் என்று அடக்குவது வளரும் அறிவுக்குச் செய்யும் அநியாயம். தனக்கே பொருள் தெரியாத பாட்டைக் கற்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், அந்தக் கேள்வி வரும்போது பிள்ளையோடு சேர்ந்து உரையைத் தேடிப் படிக்கலாம். பல ஊர்களில் தேவார வகுப்புகளும் கூத்துப் பயிற்சிகளும் அப்படித்தான் பெரியவர்களுக்கும் பாடசாலையாகியிருக்கின்றன.